நாலாவது பிள்ளை குட்டையா?

காலாண்டுத் தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. அக்கா மகள் அறிவியல் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மரபியல் பாடத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். "புறத்தோற்ற விகிதம் மூன்றுக்கு ஒன்று, ஜீனாக்க விகிதம் ஒன்றுக்கு இரண்டுக்கு ஒன்று." மூச்சு விடாமல், வாய்ப்பாடு மாதிரி. நெட்டைச் செடி, குட்டைச் செடி, அப்பா தருவதையும் அம்மா தருவதையும் சேர்த்துப் பார்க்கும் நாலு கட்டம், அதில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை, எல்லாம் சரியாகப் போட்டாள். பரீட்சைக்கு அது போதும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "மாமா, மூணு பிள்ளை நெட்டையாப் பிறந்தாச்சுன்னா நாலாவது கண்டிப்பா குட்டைதானே?"

சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. இதே விஷயத்தை ஒரு பெரியவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறுதலாகச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மரபியலை நான் ஒழுங்காகப் படித்ததே அந்தக் கண்ணால்தான்.

இருபத்திரண்டு வயதில் ஒரு வேலைக்கு எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி மருத்துவப் பரிசோதனைக்குப் போயிருந்தேன். டாக்டர் ஒரு சின்னப் புத்தகத்தைத் திருப்பினார். பக்கத்துக்கு ஒரு வட்டம், வட்டம் முழுக்க வண்ணப் புள்ளிகள், தட்டில் கொட்டிய சீரக மிட்டாய் மாதிரி. முதல் பக்கத்தில் 12 தெரிந்தது, சொன்னேன். இன்னொரு பக்கத்தில் 21 என்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லாப் பாருங்க தம்பி." நல்லாத்தான் பார்த்தேன். 21. பின்னால் வரிசையில் நின்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு "எழுபத்தி நாலு, எழுபத்தி நாலு" என்று கிசுகிசுத்தான். பாவம், உதவி செய்வதாக நினைத்தான்.

அந்தப் பக்கமே அப்படிச் செய்யப்பட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு 74, சரியாகப் பிரிக்க முடியாதவர்களில் பலருக்கு 21. ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1917இல் வெளியிட்ட தட்டுகள் இவை. நூறு வருஷம் தாண்டியும் என்னை மாதிரி ஆட்களைப் பிடிக்க இன்றும் இவைதான். வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் சொன்ன முதல் வார்த்தை: "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்டா."

அம்மாவின் அப்பாவுக்கு முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய்த் தோட்டம். அந்தப் பக்கத்து முண்டு மிளகாய், குட்டையாக, உருண்டையாக இருக்கும். செடியில் பச்சைக் காயும் சிவந்த பழமும் கலந்து தொங்கும், பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். தாத்தா வரிசையில் இறங்கினால் ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்ப்பாராம். பழுத்தது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், காய் விறைப்பாக இருக்கும். மற்றவர்கள் இரண்டு வரிசை முடிக்கும்போது அவர் அரை வரிசையில் நிற்பார். "உங்க தாத்தாவுக்குக் கண்ணு கையில" என்று பறிக்க வந்த ஆச்சிகள் கிண்டல் செய்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது. ஆனால் களத்தில் காயப் போட்ட வற்றலில் வெளுத்த சோடையைப் பொறுக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வெளுப்பு, கறுப்பு வித்தியாசம் எங்கள் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், மற்றவர்களைச் சிவப்பு திசைதிருப்பும்போது எங்களைத் திருப்பாது. இது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அதெல்லாம் தாத்தாவின் கைராசி.

பாடப்புத்தகத்தில் 'நிறக்குருடு' என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத சொல். எனக்கு நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், வானவில்லும் தெரியும், கொஞ்சம் சிக்கனமான வானவில். சிவப்பு, பச்சை, பழுப்பு மூன்றும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுக்கொன்று சாயல் அடிக்கும், அவ்வளவுதான். டிராபிக் சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துப் போய்விடுவேன். பழைய வீட்டு வயரிங்கில் மட்டும் கை வைப்பதில்லை. அதில் கரண்ட் வரும் வயர் சிவப்பு, எர்த் வயர் பச்சை.

சரி, நாலாவது பிள்ளைக்கு வருவோம்.

கேள்விக்கு வாயால் பதில் சொல்லாமல், அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவிலிருந்து இரண்டு புளியங்கொட்டை எடுத்து வரச் சொன்னேன். தாயம் விளையாட உரசுவது மாதிரி, இரண்டையும் வாசல் சிமெண்டில் ஒரு பக்கம் வெள்ளை தெரியும்வரை உரசினாள். ஒரு கொட்டை அப்பா, ஒரு கொட்டை அம்மா. கறுப்பு பக்கம் நெட்டைக்கான ஜீன், வெள்ளைப் பக்கம் குட்டைக்கான ஜீன். ஒரு ஆளிடம் இரண்டு பிரதி இருக்கிறது, பிள்ளைக்கு ஒன்றுதான் தர முடியும். எதைத் தருவது என்று அவர் தேர்ந்தெடுப்பதில்லை, உருட்டித்தான் கொடுக்கிறார். மெண்டலின் தனித்துப் பிரிதல் விதி என்று புத்தகத்தில் நாலு வரிக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். இரண்டு கொட்டையையும் சேர்த்து உருட்டினால் ஒரு பிள்ளை. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் மட்டும் குட்டை.

"நாற்பது பிள்ளை பெறு" என்றேன். உருட்டி உருட்டி நோட்டில் எழுதினாள். முதல் ஒன்பது உருட்டில் ஒரு குட்டைகூட இல்லை. கொட்டை சரியில்லை என்று சந்தேகப்பட்டாள். உரசின கொட்டை நாணயம் மாதிரி நேர்மையானது இல்லை என்பது உண்மைதான், நம் வேலைக்குப் போதும். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் அடுத்தடுத்து இரண்டு குட்டை விழுந்தது. கடைசியில் கணக்கு: இரண்டும் கறுப்பு 11, ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை 22, இரண்டும் வெள்ளை 7. அதாவது 33 நெட்டை, 7 குட்டை. "பத்து வரணும் மாமா, தப்பாயிடுச்சு" என்றாள். தப்பில்லை. இன்னும் நானூறு உருட்டினால் நாலில் ஒன்றை நெருங்கும். நாற்பதில் ஏழும் வரும், பதிமூன்றும் வரும்.

அதைவிட முக்கியமானது அடுத்து செய்தது. நாற்பதையும் வரிசையாக நாலு நாலாகப் பிரிக்கச் சொன்னேன். பத்து வீடு, வீட்டுக்கு நாலு பிள்ளை. புத்தகத்துப் படத்தில் இருப்பது மாதிரி மூணு நெட்டை, ஒரு குட்டை என்று அமைந்த வீடு எத்தனை? மூன்றே மூன்று. ஐந்து வீட்டில் குட்டையே இல்லை. இரண்டு வீட்டில் இரண்டிரண்டு குட்டை. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் கதை இதேதான்: நாலு பிள்ளையில் சரியாக ஒரே ஒரு குட்டை வர வாய்ப்பு சுமார் 42 சதவீதம். பாதி வீட்டில்கூடப் புத்தகம் சொல்லும் குடும்பம் அமையாது. அந்த நாலு கட்டம் ஒரு வீட்டின் நாலு பிள்ளைகளைக் காட்டுகிறது என்று நினைத்ததுதான் அவளுடைய சிக்கல். நாலு கட்டமும் சேர்ந்து ஒரே ஒரு பிள்ளையின் நாலு சாத்தியங்கள். அடுத்த பிள்ளைக்கு மறுபடி அதே நாலு கட்டம், முதலிலிருந்து. மூன்று நெட்டை பிறந்த பிறகும் நாலாவது நெட்டையாக இருக்க வாய்ப்பு நாலில் மூன்று. முன்னால் என்ன விழுந்தது என்பது புளியங்கொட்டைக்குத் தெரியாது.

இதை மெண்டலே பார்த்திருக்கிறார். இன்றைய செக் நாட்டில் இருக்கும் பிர்னோ நகரத்து மடத்தில் துறவியாக இருந்தவர், ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றவர், 1856 தொடங்கி எட்டு வருஷம் பட்டாணி வளர்த்தவர். விகிதத்தை மட்டும் படித்துவிட்டு நாம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம், அவர் எண்ணிய எண்களைப் பார்ப்பதில்லை. கலப்பினச் செடிகள் 253இல் விளைந்த விதைகள் 7,324. அதில் உருண்டை 5,474, சுருங்கியது 1,850. வகுத்துப் பார்த்தால் 2.96க்கு ஒன்று. ஒரு பட்டாணிக் காயை உரித்தால் உள்ளே வரிசையாக இருக்கிறதே, அதில் ஒவ்வொரு விதையும் தனிப் பிள்ளை, தனித்தனியாக உருட்டிய கொட்டை. அதனால்தான் அவருக்கு ஒரே செடியில் முப்பது நாற்பது பிள்ளைகளை எண்ண முடிந்தது.

எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது வேறு இரண்டு எண்களால். செடி செடியாகப் பார்த்தால் விகிதம் எப்படி ஆடுகிறது என்பதையும் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். ஒரு செடியில் 43 உருண்டைக்கு வெறும் 2 சுருங்கியது. இன்னொரு செடியில் 14 உருண்டை, 15 சுருங்கியது. அந்தப் பதினைந்தைப் பார்த்த அன்று விட்டுவிட்டுப் போயிருந்தால் இன்று நமக்கு இந்தப் பாடமே இருந்திருக்காது. மூட்டை மூட்டையாக எண்ணினார். 1865இல் இரண்டு கூட்டங்களில் பேசினார், அடுத்த வருஷம் அச்சில் வந்தது, அதன் கனத்தை யாரும் உணரவில்லை. 1884இல் இறந்தார். 1900இல் மூன்று பேர் தனித்தனியாக அதே விதிகளைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அங்கே மெண்டல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரிகிற பண்பு 'ஓங்கு', இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் தெரிவது 'ஒடுங்கு'. இந்தச் சொற்களும் பிள்ளைகளைக் குழப்புகின்றன. ஓங்கு ஜீன் கையை ஓங்கிக்கொண்டு நிற்பது மாதிரியும், ஒடுங்கு ஜீன் மூலையில் பயந்து ஒடுங்கியிருப்பது மாதிரியும் ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. நிஜத்தில் நடப்பது சண்டையே இல்லை. மெண்டலின் சுருங்கிய பட்டாணி ஏன் சுருங்குகிறது என்று இங்கிலாந்தில் ஜான் இன்னஸ் ஆய்வு நிறுவனத்தினர் 1990இல் ஜீன் அளவில் காட்டினார்கள். விதைக்குள் மாவுச்சத்தைக் கிளை கிளையாகக் கட்டும் ஒரு நொதி உண்டு. அதற்கான ஜீனுக்கு நடுவே சுமார் 800 டிஎன்ஏ எழுத்து நீளத்துக்கு வேறொரு துண்டு வந்து செருகிக்கொண்டிருக்கிறது. நொதி உருப்படியாக வராது. மாவு குறையும், சர்க்கரை தேங்கும், சர்க்கரை தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். காயும்போது அந்தத் தண்ணீர் போய்விட, தோல் சுருங்குகிறது. பச்சைப் பட்டாணியில் இனிப்பான வகை இதுதான்.

இரண்டில் ஒரு பிரதி நன்றாக இருந்தாலே விதை உருண்டையாக வரத் தேவையான நொதி கிடைத்துவிடும். வீட்டில் இரண்டு பேரில் ஒருவருக்குச் சமைக்கத் தெரிந்தால் அடுப்பு எரியும். இரண்டு பேருக்குமே தெரியாவிட்டால்தான் பட்டினி. சமைக்கத் தெரிந்தவர் மற்றவரை அடக்கி வைத்திருக்கிறார் என்று யாராவது சொல்வோமா? எல்லா ஓங்கு பண்பும் இப்படி வருவதில்லை, ஆனால் தொடக்கத்துக்கு இந்தப் படம் போதும். இன்னொன்று, ஓங்கு என்றால் ஊரில் அதிகம் என்று அர்த்தமில்லை. ரத்தத்தில் ஓ வகை ஒடுங்கு பண்பு, தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாக இறங்குகிறது, நாம் பார்த்த ஆறு விரல்காரர்கள் எத்தனை பேர்?

இப்போது அந்த வராந்தா. தூரத்து உறவில் ஒரு தம்பதி. அவன் அவளுக்கு அத்தை மகன், முறைப்படி நடந்த கல்யாணம். முதல் குழந்தை ஆறு மாதத்தில் வெளிறிப் போயிற்று. தலசீமியா என்றார்கள். ஹீமோகுளோபின் சரியாக உண்டாகாத நோய், மாதம் தவறாமல் ரத்தம் ஏற்ற வேண்டும். அப்பா, அம்மா இருவரிடமும் ஒரு நல்ல பிரதி, ஒரு பழுதான பிரதி. இருவருக்கும் நோய் இல்லை. "நாலில் ஒரு குழந்தைக்கு வரலாம்" என்று டாக்டர் சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வந்த பெரியவர் அந்தப் பெண்ணிடம் சொன்னதுதான் இது: "நாலுல ஒண்ணுன்னா, அந்த ஒண்ணு வந்துருச்சும்மா. இனி மூணுக்குப் பயமில்லை."

நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் சொன்னதை அந்தப் பெண் நம்பினாள், நம்ப வேண்டிய நிலைமையில் இருந்தாள். அடுத்த குழந்தைக்கும் அதே நாலில் ஒன்றுதான் என்பதை மறுபடி ஒருவர் உட்கார்ந்து, காகிதத்தில் கட்டம் போட்டு, பொறுமையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துப் பார்த்தார்கள். அந்தப் பையனுக்கும் பெற்றோரைப் போலவே ஒரு பழுதான பிரதி இருக்கிறது, நோய் இல்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பத்தாம் வகுப்புப் பாடத்திலேயே எனக்கு மிக அவசரமான பாடம் இது என்று தோன்றுவதற்கு அந்த வராந்தாதான் காரணம்.

சொந்தத்தில் கட்டினால் ஏன் இது கூடுகிறது என்று அக்கா மகள் கேட்டாள். கணக்கு எளிது. மாமன் பிள்ளை, அத்தை பிள்ளை இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி. தாத்தா பாட்டியிடம் ஒரு ஜீனுக்கு மொத்தம் நாலு பிரதி. அதில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள். அது மகனுக்கும் போக வேண்டும், மகளுக்கும் போக வேண்டும், அவர்களிடமிருந்து பேரனுக்கும் பேத்திக்கும் போக வேண்டும், அந்த இருவரிடமிருந்தும் ஒரே குழந்தைக்கு வந்து சேர வேண்டும். ஆறு படி, படிக்குப் பாதி. 64இல் ஒன்று. நாலு பிரதிக்கும் சேர்த்தால் 64இல் நாலு, அதாவது 16இல் ஒன்று. தாய்மாமனே அக்கா மகளைக் கட்டினால் ஒரு படி குறைவு, 8இல் ஒன்று. நாலில் ஏதோ ஒரு பிரதி இரண்டு வழியாகவும் வந்து ஒரே பிள்ளையிடம் சேர இவ்வளவு வாய்ப்பு, அப்படிச் சேர்ந்தது பழுதான பிரதியாக இருந்தால் நோய். இதைக் கேட்டதும் அவள் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "எனக்கு எப்பவோ கல்யாணம் ஆயாச்சு, பயப்படாதே" என்றேன்.

இனி என் கண். இதில் விதி கொஞ்சம் மாறும். ஜீன்களைச் சுமக்கும் இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. சிவப்பு, பச்சை இரண்டையும் பிரிக்க உதவும் நிறமிகளின் ஜீன்கள் எக்ஸில் பக்கத்துப் பக்கத்து வீடாக இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றைப் போலவே இருப்பதால், கருமுட்டை உருவாகும்போது இரண்டு எக்ஸும் துண்டு மாற்றிக்கொள்ளும் நேரத்தில் ஆள்மாறாட்டம் நடந்துவிடும். ஒன்று காணாமல் போகும், அல்லது இரண்டும் பாதி பாதியாக ஒட்டிக்கொள்ளும். பெண்ணுக்கு இன்னொரு எக்ஸ் கை கொடுக்கும். ஆணுக்கு மாற்று கிடையாது, இருக்கிற ஒன்றில் பழுது என்றால் பழுதுதான். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஆண்களில் நூற்றுக்கு 8 பேருக்கு இது உண்டு, பெண்களில் நூற்றுக்கு அரை ஆள்தான். 0.08ஐ 0.08ஆல் பெருக்கிப் பார்த்தால் ஏன் என்று புரியும். இரண்டு எக்ஸும் பழுதாக அமைய வேண்டுமே.

ஜான் டால்டனைத் தெரியும் இல்லையா, அணுக்கொள்கை டால்டன்? வேதியியல் பாடத்தில் வருகிறவர். அவருக்கும் என் கண்தான், அவர் சகோதரருக்கும் அதே கண். பகலில் நீலமாகத் தெரிந்த ஜெரேனியம் பூ மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்ததைப் பார்த்துத்தான் தன் கண்ணில் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார், 1794இல் மான்செஸ்டரில் அதைப் பற்றி உரையும் நிகழ்த்தினார். கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதால்தான் இப்படி என்பது அவர் முடிவு. செத்த பிறகு என் கண்ணை அறுத்துப் பாருங்கள் என்று சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள். திரவம் தெளிவாகவே இருந்தது. அந்தக் கண்ணை அப்படியே பத்திரப்படுத்தி வைத்ததில், 150 வருஷம் கழித்து, 1995இல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சோதித்தார்கள். பச்சைக்கான ஜீன் இல்லை. தன் காலத்தில் கேட்கவே முடியாத கேள்விக்கு ஒருவர் தன் கண்ணை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். தாத்தாவிடம் இருந்தது ஒரே எக்ஸ். மகளுக்குக் கொடுக்க அவரிடம் வேறு இல்லை, அதனால் அம்மாவுக்கு அது வந்தே தீர வேண்டும். இங்கே கொட்டை உருட்டுவதே கிடையாது. மகனுக்கு, அதாவது என் மாமாவுக்கு, அவர் கொடுத்தது ஒய். மாமாவின் எக்ஸ் பாட்டியுடையது. மாமாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவர் மகன்களுக்கும் தெரியும். மகன் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தாவின் பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம், பேரன் என்ற சொல்லே பெயரன்தான். மாமா மகனுக்குத் தாத்தா பெயர் போயிற்று. மகள் வயிற்றுப் பேரனான எனக்குக் கண் வந்தது.

வேலை போன அன்று அம்மா ராத்திரி முழுக்க, "என் வழியாத்தானே வந்துச்சு" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். அப்பா வீட்டுச் சொந்தத்தில் ஒரு பாட்டி அதையே வேறு தொனியில் சொன்னார். அம்மா வழியாக வந்தது உண்மைதான். ஆனால் அம்மாவிடம் இரண்டு எக்ஸ் இருந்தது, எனக்குப் பாட்டியுடையது வந்திருக்கலாம், தாத்தாவுடையது வந்துவிட்டது. அதில் அவள் செய்தது என்ன, செய்யாமல் விட்டது என்ன? அந்தப் பாட்டிக்கு இதைப் புரியவைக்க முடியவில்லை. முயற்சியும் பெரிதாகச் செய்யவில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். எனக்கு ஒரு காலத்தில் மாமா மகளைக் கேட்கலாமா என்று பேச்சு ஓடியது. சொந்தத்தில் கட்டினால் கண் பிள்ளைக்கும் வந்துவிடும் என்று ஒரு கட்சி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பயம் வீண், ஏனென்றால் தாத்தாவின் எக்ஸ் மாமாவிடமே இல்லை, அவர் மகளுக்கு எங்கிருந்து வரும்? அந்த எக்ஸ் இருக்க வாய்ப்புள்ள பெண்கள் சித்தி மகளும் அக்கா மகளும். சித்தி மகள் நமக்குத் தங்கை முறை, கட்ட முடியாது. அக்கா மகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நம் முறை வழக்கத்துக்கும் எக்ஸ் குரோமோசோமுக்கும் இப்படி ஒரு தற்செயல் ஒப்பந்தம். தலசீமியா மாதிரி மற்ற குரோமோசோம்களில் இருப்பவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே மாமா மகளும் அதே 16இல் ஒன்றுதான்.

எல்லாம் இப்படிக் கட்டம் போட்டு அடங்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. வகுப்பில் நாக்கை உருட்டிக் காட்டச் சொல்லி, உருட்டுகிறவர்கள் ஓங்கு, உருட்டாதவர்கள் ஒடுங்கு என்று கரும்பலகையில் எழுதினார்களாம். 1952லேயே ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்ததில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு உருண்டது, மற்றவருக்கு உருளவில்லை. ஒரே ஜீன்கள், வேறு வேறு நாக்கு. வீட்டில் அப்பா அம்மா இருவருக்கும் உருளாமல் பிள்ளைக்கு உருண்டால் தேவையில்லாத யோசனை எல்லாம் வரும், அதனால் சொல்கிறேன். மனிதரின் உயரமும் தோல் நிறமும் நூற்றுக்கணக்கான ஜீன்கள் சேர்ந்து இழுக்கிற தேர். சாப்பாடும் வெயிலும் ஒரு கை பிடிக்கும். பட்டாணிச் செடியின் நெட்டை, குட்டையை எடுத்துக்கொண்டு வந்து வீட்டு ஆட்களுக்குப் பொருத்தினால் பொருந்தாது.

இரவு சாப்பாட்டுக்கு முன்னால் அவள் ஒரு வெள்ளைத்தாளில் குடும்ப வரைபடம் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். தாத்தா சதுரத்தை முழுக்கக் கறுப்பாக்கினாள், என் சதுரத்தையும். என் அம்மாவின் வட்டத்தைப் பாதி. அவள் அம்மா, அதாவது என் அக்காவின் வட்டத்தில் பென்சில் நின்றது. "அம்மாவுக்கு வந்திருக்குமா?" பாதிக்குப் பாதி என்றேன். அவளுடைய தம்பியைக் கூப்பிட்டு என் போனில் அந்தப் புள்ளிப் படத்தைக் காட்டினோம். போன் திரையில் பார்ப்பது சரியான சோதனை ஆகாது, இருந்தாலும் காட்டினோம். "எழுபத்தி நாலு" என்று ஒரே பார்வையில் சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

"அப்ப அம்மாவுக்கு இல்லை!" என்றாள். அவசரப்படாதே, அவன் ஒரே ஒரு உருட்டு. அக்காவைப் போல நாலு பேர் என்று வைத்துக்கொள். இரண்டு பேரிடம் பழுதான எக்ஸ் இருக்கிறது, இரண்டு பேரிடம் இல்லை. ஆளுக்கு ஒரு மகன். இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி மகனுக்கு 21 தெரியும், ஒருத்தி மகனுக்கு 74. இல்லாத இரண்டு பேரின் மகன்களுக்கும் 74தான். ஆக 74 சொன்ன பையன்கள் மூன்று பேர், அதில் ஒருவன் அம்மாவிடம் பழுதான எக்ஸ் இருக்கிறது. பாதியாக இருந்தது மூன்றில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் வட்டத்துக்குள் 1/3 என்று எழுதினாள். பக்கத்தில் தன் வட்டத்தில், நான் எதுவும் சொல்லாமலே, 1/6.

வாசலில் தம்பி புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுப் பையனோடு தாயம் போட்டுக்கொண்டிருந்தான். "ஆறு தடவையா விழலை, இப்ப கண்டிப்பா விழும் பாரு" என்று சத்தம் கேட்டது. அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள்.